இரட்டை அலையின் இரண்டாவது கேசட்

போன மாதம் ஓர் இளைஞர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பெட்டாலிங் ஜெயாவில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறாராம். தொண்ணூறுகளில் நாங்கள் பதிவு செய்த ‘இரட்டை அலை’ குழுவின் கேசட் ஒன்று அவருடைய அப்பாவின் அலமாரியில் கிடைத்திருக்கிறது.

“ஆன்டி, முழுக்க சிந்தசைசர், டிரம் மெஷின். ஆனா ஒரு இடத்துலகூட காது குத்தல. அந்தக் காலத்து எலக்ட்ரானிக் பாட்டெல்லாம் தகரத்தத் தட்டுன மாதிரி இருக்கும் லா. இது மட்டும் எப்படி? என்ன மெஷின் வச்சிருந்தீங்க?”

“அது மெஷின் வேலை இல்ல தம்பி. சொன்னா நேரமாகும். எழுதி அனுப்புறேன்,” என்றேன்.

எழுதுவதற்கு முன் அந்தக் குழுவின் குணா அண்ணனிடம் கேட்டேன். இதில் அவருடைய உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. “தாராளமா எழுதும்மா. ஆனா கொஞ்சம் சத்தமா எழுது,” என்று சொல்லிச் சிரித்தார். நான் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நான் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் சான்றிதழ் ஒன்று வாங்கினேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஆறு மாதம் ஒரு டிவி கடையில் சாலிடரிங் செய்தேன். பிறகு, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எழுபதுகளின் கடைசி அது. என் படிப்பு அவ்வளவுதான்.

கீழே புடவைக் கடை, அதற்கு மேலே தட்டச்சுப் பள்ளி, அதற்கும் மேலே நாங்கள். பின்பக்கச் சன்னலுக்குக் கீழே தண்டவாளம். விளம்பரமோ பஜனையோ நாடகமோ, எதைப் பதிந்தாலும் ரயில் வந்தால் நிறுத்த வேண்டும். தபேலாக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். கடைசிப் பெட்டி கடந்ததும் மறுபடி முதலிலிருந்து. எந்த ரயில் எத்தனை மணிக்கு என்பது எனக்கு மனப்பாடம்.

எங்கள் தலைமைப் பொறியாளர் தம்பையா சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வானொலி வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். கட்டுப்பாட்டு அறை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடமாடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பதிவு சரியில்லை என்றால், “இன்னொருக்கா,” என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பேனாவுக்கு மூடி போடுவார். அந்த மூடி ‘க்ளிக்’ என்று விழும் சத்தத்துக்காகப் பெரிய பாடகர்களே காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டு முடிவாகும் நேரத்தில் அவர் அறைக்குள் இருக்க மாட்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டு நடைபாதையில் போய்ச் சுவரில் சாய்ந்து நிற்பார். “சனங்கள் பாட்டை எங்க கேக்கினம்? பஸ்ஸில, சமைக்கேக்க, பக்கத்து வீட்டில இருந்து. உள்ள இருந்து கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்,” என்பார்.

என்னுடைய முதல் வேலை, தினமும் காலை ஒன்பது மணிக்கு டேப் இயந்திரத்தைச் சரிபார்ப்பது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், டேப் உரசிப் போகும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். அதில் ஏறியிருக்கும் காந்தத்தை இறக்க வேண்டும். பிறகு சோதனை டேப்பைப் போட வேண்டும். அதில் பாட்டு கிடையாது. ஒரே சீரான ஒலிகள் மட்டும்தான். முதலில் அடித்தொண்டையில் முனகுவதுபோல் நொடிக்கு நூறு அதிர்வு, அடுத்து விசில்போல் ஆயிரம், கடைசியில் கொசு காதுக்குள் புகுந்ததுபோல் பத்தாயிரம். அதை நாங்கள் ‘டென் கே’ என்போம். ஒவ்வொன்றுக்கும் மீட்டரின் ஊசி பூஜ்ஜியத்தில் நிற்கும்வரை சின்ன ஸ்குரூ டிரைவரால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். ஊசியை மட்டும் நம்பினால் சாருக்குப் போதாது. ஸ்பீக்கரிலும் ஓடவிட்டுக் காதால் கேட்டு, நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் சோம்பல்பட்டு, முந்தைய நாள் எழுதியதையே பார்த்து எழுதிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் நோட்டைப் பார்த்தார்.

“விமலா, நீர் கேட்டதை எழுதும். நினைச்சதை எழுத வேண்டாம்.”

அதற்கப்புறம் ஓய்வுபெறும்வரை நான் அப்படிச் செய்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, கிள்ளானிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் குணசேகரன், தங்கை அமுதா; இந்த இரண்டு பேர்தான் இரட்டை அலை. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். தபேலா இல்லை, ஹார்மோனியம் இல்லை, வயலின் இல்லை. வேனிலிருந்து குணா அண்ணன் இறக்கியது இரண்டு ஜப்பான் சிந்தசைசர், ஒரு டிரம் மெஷின், ஒரு மூட்டை வயர். “மைக் எங்க வைக்கட்டும்?” என்று கேட்டேன். “இதுக்கு மைக் வேணாம்மா. வயர நேரா உங்க மிக்ஸிங் டெஸ்க்ல சொருகிடலாம்,” என்றார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மைக் இல்லையென்றால் ரயில் இல்லை! பத்து மணி ரயில் கட்டடத்தையே உலுக்கிக்கொண்டு போனபோது, குணா அண்ணன் இரண்டு கைகளாலும் வாசித்துக்கொண்டே இருந்தார். டேப்பில் ரயிலின் சுவடே இல்லை. நான் கைதட்டிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பாட்டு ரயிலை ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த முதல் கேசட் கிள்ளானில் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒலித்தது. தமிழில் அப்படி ஒன்றை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. அடுத்த வருடமே இரண்டாவது கேசட்டுக்கு வந்தார்கள். பதிவு முடிந்து, எல்லாத் தடங்களையும் கலந்து ஒரே பாட்டாக்கும் மிக்ஸிங் மட்டும் பாக்கி. அமுதா ஒரு நாள் வரவில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்து கேட்டாள். இரண்டு பாட்டுகளில் அவள் அமைத்த தாளம் இல்லை. ஒன்றில் அவள் குரலே பாதிதான் இருந்தது.

“அண்ணே, என் பார்ட் எங்க?”

“சரியா வரல மா. எடுத்துட்டேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“நீ பாடு. மிச்சத்த நான் பாத்துக்குறேன். எனக்குக் காது இருக்குல்ல?”

அமுதா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். டேப் பெட்டி அலமாரிக்குப் போனது. அண்ணனும் தங்கையும் பத்து வருடங்களுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பந்திங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போய்விட்டாள் என்றும், அவர் காப்பார் போகும் சாலையில் ஓர் ஆணித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்றும் யாரோ சொன்னார்கள்.

இதற்கிடையே நான் பொறியாளர் ஆனேன். தம்பையா சாருக்கு முடி முழுவதும் நரைத்தது. அவர் தலைமை தாங்கினாலும் டெஸ்க்கில் உட்கார்வது நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அமுதா தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் ஓடிக்கொண்டிருந்த டேப்பை நிறுத்தினேன்.

“விமலா, கேளேன் இந்தக் கூத்த. எங்க பள்ளிக்கூடக் கலைவிழால அஞ்சாம் வகுப்புப் புள்ளைங்க டான்ஸ் ஆடுறாங்க. பாட்டு என்ன தெரியுமா? எங்களோடது! அவங்க அம்மா வீட்ல இருந்து கேசட் கொண்டு வந்திருக்கா ஒருத்தி. ‘டீச்சர், இது ரொம்பப் பழைய பாட்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்’னு என்கிட்டயே சொல்றா!”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. ஆபீஸ் ரூமுக்குப் போயி அண்ணனுக்குப் போன் பண்ணேன். பத்து வருசம் கழிச்சு. அவரு ஹலோன்னாரு, நான் அந்தப் பாட்ட போன்ல பாடுனேன். ரெண்டாவது வரிய அவரு பாடுனாரு. நாங்க வரோம் விமலா. டிசம்பர் லீவுல.”

அந்த டிசம்பர் என் வேலை வாழ்க்கையிலேயே குதூகலமான மாதம். அமுதா பந்திங்கிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கிள்ளான் வந்து, பஸ் மாறிப் பத்து மணிக்கெல்லாம் எங்கள் படியேறிவிடுவாள். குணா அண்ணன் ஷிப்ட் முடித்து, கொஞ்சம் தூங்கி எழுந்து வருவார். அமுதாவின் குரல் மாறியிருந்தது. வகுப்பறையில் கத்திக் கத்தி அடிக்குரலில் ஒரு கனம் ஏறியிருந்தது. முதல் நாள் அவள் பாடி முடித்தபோது, சார் நடைபாதையில் நின்றபடியே பேனாவை மூடிவிட்டார்.

எந்த ஒலியையும் பதிந்து கீபோர்டின் கட்டையில் ஏற்றி வாசிக்கும் சேம்ப்ளர் என்ற கருவியைக் குணா அண்ணன் புதிதாக வாங்கியிருந்தார். ஓர் உறுமிக்காரரைக் கூட்டிவந்து ஒரே ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னோம். அந்த ‘ம்ம்ஊங்’கைப் பன்னிரண்டு சுரங்களிலும் குணா அண்ணன் வாசித்துக் காட்டியபோது, உறுமிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நேரம் பார்த்துப் பதினொரு மணி ரயில் வந்தது. எல்லாரும் பழக்கத்தில் பேச்சை நிறுத்தினோம். அமுதா மட்டும் துள்ளி எழுந்தாள்.

“ஏன் நிறுத்துறோம்? இதையே பிடிப்போம் லா! தாளம் கேளுங்க. டடக் டடக், டடக் டடக்!”

அடுத்த ரயிலுக்கு நாங்கள் தயாராக இருந்தோம். மைக்கை ஒரு துணி காயவைக்கும் மூங்கில் கழியில் கட்டிப் பின்பக்கச் சன்னல் வழியாக நீட்ட வேண்டும். யார் பிடிப்பது? தம்பையா சார் மணிக்கட்டுப் பொத்தான்களைக் கழற்றிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

“தாரும் இங்க. பதினைஞ்சு வருஷமா என்ர வேலையைக் கெடுத்தவன். நானே பிடிக்கிறன்.”

ரயில் வந்தது. சார் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். மாலைக்குள் அந்தச் சக்கரச் சத்தத்தை வெட்டி ஒட்டி, அமுதா முழுத் தாளமாக்கிவிட்டாள். அதன்மேல் குணா அண்ணன் உறுமியை அடிநாதமான பாஸ் மாதிரி உருளவிட்டார். உட்கார்ந்து கேட்க முடியாத பாட்டு. கால் தானாக ஆடும்.

பாட்டுகள் பதிந்து முடிந்தன. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கேசட் கடை வைத்திருந்த முனியாண்டி என்பவர் வெளியிடுவதாக ஒப்புக்கொண்டார். ஜனவரியில் ஒரு ஞாயிறு பிற்பகலுக்கு அங்கேயே மண்டபம் எடுத்து, நோட்டீஸும் அடித்துவிட்டார். பாக்கி மிக்ஸிங் மட்டும்தான்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. குணா அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, “மேல இன்னும் கொஞ்சம் கூட்டும்மா,” என்றார். மேல் என்றால் உச்ச ஒலிகள். ஜால்ரா, சலங்கை, பாடும்போது வரும் ‘ஸ்’ போன்றவை. கூட்டினேன். “இன்னும்.” கூட்டினேன். “மூடி போட்ட மாதிரி இருக்கே. இன்னும்.” அமுதா பாடிய ஒவ்வொரு ‘ச’வும் ஊசிபோல வந்து குத்தியது. டிரம் மெஷினின் ஜால்ரா பல்லைக் கூசவைத்தது. திரும்பி அமுதாவைப் பார்த்தேன். அவள் பின்னால் சோபாவில் கண்களை மூடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நெற்றியில்.

டீ குடிக்க அவர் வெளியே போனபோது மெல்லக் கேட்டேன். “அமுதா, உனக்கு ஓகேவா?”

“அவருக்கு அதான் பிடிக்குது போல. விடு விமலா. போன தடவை நான் வாயத் தொறந்ததுக்குப் பத்து வருசம் போச்சு.”

இரண்டு நாள் இப்படிப் போனது; அந்த இரண்டு நாளும் சார் விடுப்பில் இருந்தார். எனக்கும் தைரியம் இல்லை. புதுப் பாணி போலிருக்கிறது, வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்களோ என்னவோ என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மூன்று பாட்டுகளை மாதிரிக்காக முனியாண்டிக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் போன் வந்தது.

“என்னம்மா இது? நேத்து கடைல போட்டேன். வந்த ஆளு வெளிய போயிட்டான். தல வலிக்குது. இப்படியே மாஸ்டர் டேப் வந்தா நான் எடுக்க மாட்டேன். மண்டபத்தையும் கேன்சல் பண்ணிடுவேன், சொல்லிட்டேன்.”

அதைக் குணா அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே காலைச் சோதனையைத் தொடங்கினேன். ஹெட்டைத் துடைத்தேன். நூறு, ஆயிரம் முடிந்தது. டென் கே ஓடிக்கொண்டிருந்தது. வேறு சிந்தனையில் ஸ்பீக்கரைக் குறைக்க மறந்துவிட்டேன். காதைப் பிளக்கும் அளவுக்கு அலறியது. ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு திருகிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. குணா அண்ணன், அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார்.

சாதாரணமாக நாற்காலியில் உட்கார்ந்தார். சுழலும் டேப்பைப் பார்த்தார்.

“என்னம்மா, டேப் ஓடுது, சத்தத்தக் காணோம்? வெறும் டேப்பா?”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாடவில்லை. என் காதுக்குள் கொசுக்கூட்டம் அலறிக்கொண்டிருக்கிறது. ஒரு கை தூரத்தில் அவர் அமைதியான அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

“இருங்கண்ணே, வரேன்,” என்று நடைபாதைக்கு ஓடினேன். சார் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன்.

“நீர் என்ன கேட்டீர்?” என்றார்.

“டென் கே, சார். ஃபுல் லெவல்.”

“அவர்?”

“அவருக்குக் கேக்கல சார்.”

சார் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். “ஆணிப் பட்டறை,” என்றார். “பத்து வருஷம். அந்தச் சத்தம் காதைத் தின்றிருக்கும்.” பிறகு, “நீர்தான் அவருக்குச் சொல்ல வேணும். ஆறுதல் ஒண்டும் சொல்ல வேண்டாம், அனுமானமும் வேண்டாம். எங்கட வேலையைச் செய்யும். ஒவ்வொரு ஒலியாப் போடும். கேட்டாக் கையைத் தூக்கச் சொல்லும். மிச்சத்தை அவரே கண்டுபிடிப்பார்.”

“நீங்களும் வாங்க சார்.”

“ரெண்டு பேர் நிண்டா அவருக்கு அது விசாரணை. நீர் போம்.”

உள்ளே போனேன். முனியாண்டி சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. “அண்ணே, ஒரு சோதனை பண்ணிப் பாப்போம். எந்தப் பக்கம் தப்புன்னு தெரியணும்ல?” என்றேன். ஒலி உண்டாக்கும் ஆசிலேட்டர் கருவியை டெஸ்க்கில் இணைத்தேன். நூறில் கை எழுந்தது. ஐந்நூறில், ஆயிரத்தில், இரண்டாயிரத்தில் எழுந்தது. “ஈஸி லா இது,” என்று சிரித்தார். மூவாயிரத்தில் கை தயங்கித் தயங்கி எழுந்தது. நாலாயிரத்தில் மடியிலேயே இருந்தது.

ஆறாயிரம் போட்டேன். எட்டாயிரம் போட்டேன். அவர் காத்திருந்தார். பிறகு அவர் கண் மீட்டருக்குப் போனது.

“ஊசி ஏறி நிக்குது,” என்றார்.

“ஆமாண்ணே.”

“சத்தம் போகுதா?”

“போகுது.”

“இப்பவா?”

“இப்பவும்.”

எழுந்து ஸ்பீக்கரிடம் போனார். கிட்டே குனிந்து காதை வைத்தார். உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். நான் நிறுத்திவிட்டேன். அவருக்கு அதுவும் தெரியவில்லை. கையை எடுக்காமல் நின்றார். ஒன்பதரை ரயில் கீழே போயிற்று. அது அவருக்குக் கேட்டது. சன்னல் பக்கம் திரும்பினார்.

“வீட்ல புள்ளைங்க டிவி சத்தத்தக் குறைக்கச் சொல்லும். அதுங்களுக்குத்தான் கொழுப்புன்னு நெனச்சேன்,” என்றார். “நாங்க பஞ்சு வைப்போம் காதுல. வெறும் பஞ்சு.”

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “முடிஞ்சுது, விமலா. முனியாண்டிக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. அமுதாகிட்ட மட்டும் சொல்லாத.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த ரயில் தாளம், உறுமி, அவள் குரல் எல்லாம் மறுபடியும் அலமாரிக்கா? இன்னொரு பத்து வருடமா?

“அண்ணே,” என்றேன், “நாலாயிரத்துக்குக் கீழ நீங்க கேக்குறது என்னைவிடத் துல்லியம். உறுமில அரைச் சுரம் பிசகினத நீங்கதான் பிடிச்சீங்க, நான் இல்ல. மேல மட்டும் வேற காது வேணும். அவ்வளவுதான். அந்தக் காது பத்து மணிக்கு பஸ்ல வந்து எறங்குது. நீங்களே சொல்லிடுங்க.”

அவர் எழுந்து போகவில்லை. பத்து மணிக்கு அமுதா வந்தாள். கைப்பையை வைப்பதற்கு முன்பே அவர் பேசத் தொடங்கிவிட்டார். மனப்பாடம் செய்ததுபோல் வேகமாக.

“எனக்கு மேல் சத்தம் கேக்கல. ரெண்டு காதும். பட்டறைல போயிடுச்சு. ரெண்டு நாளா நான் பண்ணதெல்லாம் குப்பை. நீ ஏன் சொல்லல?”

அமுதா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அண்ணே...”

“அழாத. ஏன் சொல்லல?”

“சொன்னா கேப்பீங்களா?”

“அன்னைக்குக் கேக்கல. தப்புதான். அப்ப எனக்கு எல்லாம் கேட்டுச்சு, அதான் திமிரு. இன்னைக்கு எனக்குத் தெரியல அமுதா. இது எப்படி இருக்குன்னு எனக்கு நிஜமாவே தெரியல. நீ சொல்லேன்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் அரை நிமிடம்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்புக்குள் நுழையும் டீச்சர்போல டெஸ்க்குக்கு வந்தாள்.

“நகருங்கண்ணே. கொஞ்சம் அந்தப் பக்கம். விமலா, மேல இருக்குற எல்லா ட்ரெபிளையும் எறக்கு. முதல் பாட்டுல இருந்து ஆரம்பிப்போம்.”

அடுத்த ஆறு நாள் நாங்கள் வேலை செய்த முறையை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் பாதிக்குச் சிவப்பு டேப் ஒட்டினேன், பாதிக்கு நீலம். பாஸ், உறுமி, ரயில் எல்லாம் சிவப்பு. அங்கே குணா அண்ணன் சொல்வதுதான் சட்டம். ஜால்ரா, மேல் சிந்தசைசர், குரலின் ஓரம் எல்லாம் நீலம், அங்கே அமுதா. நடுவில் என் பத்து விரல்கள். இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து என் முழங்கையை இடிப்பார்கள்.

“ஹை-ஹேட் ஜால்ரா எங்க? எனக்குக் கேக்கல,” என்பார் அவர்.

“உங்களுக்குக் கேக்காது அண்ணே. அது இருக்கு. சமத்தா இருக்கு.”

முதல் முறை அவள் அப்படிச் சொன்னபோது நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அது எங்கள் மூவருக்கும் வேடிக்கையாகிவிட்டது. சண்டைக்கும் குறைவில்லை. ஒரு பாட்டில் அமுதா உச்ச ஒலிகளை அளவுக்கு மீறி இறக்கிவிட்டாள். “ஏம்மா, உன் குரல் கதவுக்குப் பின்னால நிக்குது, எனக்கே தெரியுது,” என்று அவர் சொல்ல, போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நாலாயிரத்துக்குக் கீழே அவரை ஏமாற்ற முடியாது.

ஆறாம் நாள் ரயில் பாட்டு. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பை ஓடவிட்டோம். சார் வழக்கம்போல நடைபாதையில் இருந்தார். பாதிப் பாட்டில் உள்ளே வந்தார். அத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஒன்றைச் செய்தார்: எங்களுக்குப் பின்னால் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, காலுறைப் பாதம் இரண்டையும் நீட்டிக்கொண்டார். பாட்டு முடிந்தது. பேனா மூடாமல் கையிலேயே இருந்தது.

“இன்னொருக்கா,” என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. “எங்க சரியில்ல சார்?”

“சரியில்லை எண்டு ஆர் சொன்னது? எனக்குக் கேக்க வேணும் போல கிடக்கு. போடும்.”

முனியாண்டி மாஸ்டர் டேப்பைக் கேட்டுவிட்டு, எனக்குப் போன் செய்யாமல் நேரில் வந்தார், கை நிறைய லட்டோடு.

வெளியீட்டு விழா அன்று பந்திங்கிலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். ‘டீச்சரா பாடுறது?’ என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மேடையில் குணா அண்ணன் கீபோர்டுகளுக்கு நடுவே, அமுதா மைக்கோடு. நான் மண்டபத்தின் பின்புறம் டெஸ்க்கில். நீல டேப் ஒட்டிய பக்கத்தை அன்று அமுதா என்னிடம் ஒப்படைத்திருந்தாள். ரயில் பாட்டு தொடங்கியதும் முதலில் பிள்ளைகள் எழுந்தார்கள். பிறகு அவர்களுடைய அம்மாக்கள், பத்து வருடத்துக்கு முன்னால் கல்யாண வீடுகளில் ஆடியவர்கள். பிறகு நாற்காலிகளை யாரோ சுவரோரம் தள்ளினார்கள். அந்தப் பாட்டை மூன்று முறை பாட வைத்தார்கள். மூன்றாவது முறை, இத்தனை வருடம் ஸ்பீக்கருக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்து பழகிய நான் செருப்பைக் கழற்றிவிட்டு டெஸ்க்குக்குப் பின்னால் ஆடினேன். ஒரு கை மட்டும் ஃபேடரில் இருந்தது.

கேசட் நன்றாக ஓடியது. முனியாண்டி இரண்டு முறை கூடுதல் பிரதிகள் போட்டார். உறையில் ‘ஒலிக்கலவை’ என்று போட்டு எங்கள் மூன்று பேரின் பெயரையும் ஒரே வரியில் அச்சிட்டிருந்தார்கள். குணா அண்ணன் பிறகு பட்டறையில் நல்ல காதுறைகள் கேட்டுச் சண்டை போட்டு, தன் பிரிவில் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தார். போன காது திரும்பவில்லை. இரட்டை அலை மட்டும் திரும்பி வந்தது, அதன்பின் போகவில்லை.

விழா முடிந்து பொருள்களை ஏற்றும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என்னை வீட்டில் விட அமுதாவும் வந்தாள்; வேனில் எனக்கு இடம் பின்னால், கீபோர்டு பெட்டிகளுக்கு நடுவே. ஷா ஆலம் தாண்டுவதற்குள்ளேயே முன் சீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. அடுத்த கேசட்டில் உறுமியை முதலில் கொண்டுவருவதா, கடைசியில் கொண்டுவருவதா என்று. அவர் முதலில் என்றார்; அவள் கடைசியில் என்றாள். சன்னல் திறந்திருந்தது, இன்ஜின் இரைந்தது, இருவரும் கத்திப் பேசினார்கள். பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைந்த பிறகும் முடியவில்லை. என் வீட்டுத் திருப்பம் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“நீ சொல்லு விமலா, யாரு சொல்றது சரி?”

“ரெண்டு பேர் சொல்றதும் தப்பு,” என்றேன்.

குணா அண்ணன் வேனைச் சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். உடம்பை முழுவதும் என் பக்கம் திருப்பிக்கொண்டு, “எங்க தப்பு? சொல்லு, கேப்போம்,” என்றார்.